மோதிரவிரலின் நுனி

அறுவை முடிந்த இருபத்து மூன்றாம் நாள் காலை வீடியோ எடுக்கும்போதுதான் பொற்கொடி அதைக் கவனித்தாள். சமையலறை ஜன்னலோரம் அவள் கணவன் சுருளி முழங்கையை மேசையில் ஊன்றி வலது கையை நிமிர்த்தி வைத்திருந்தான். அவள் கைப்பேசியை அவன் விரல்களுக்கு நேராகப் பிடித்திருந்தாள். ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் மடங்கியது. மோதிரவிரலின் நடுமூட்டும் மடங்கியது. நுனி மட்டும் அசையாமல் நேராக நின்றது.

இன்னொரு தடவை மடக்கச் சொன்னாள். மடக்கினான். நுனி அப்படியே நின்றது.

"வீக்கம்," என்றான் சுருளி. "மழ ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல சரியாப் போயிரும்."

அவள் கைப்பேசியில் நேற்றைய வீடியோவைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். நேற்றுக் காலை அதே ஜன்னல், அதே மேசை. மோதிரவிரலின் நுனி உள்ளங்கையை நோக்கித் தாராளமாக வளைந்து இறங்கியது. நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தாள். பிறகு இன்றையதைப் பார்த்தாள். வீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்ல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

சுருளி அந்தத் திரையைப் பார்க்காமல் எழுந்து சட்டையைத் தேடினான். மலைக்குப் போகும் ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்றான்.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோர் அவன் பொறுப்பில் இருந்தது. பறித்துவரும் பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூளையின் சூட்டில் ஒரு பகலும் ஒரு இரவும் உலர்த்தும் இடம் அது. சூடு கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், பருவத்தின் முதல் பறிப்புக்காக ஸ்டோரைத் தயார் செய்தபோது, சூளைக்குழாயின் பழைய தகரம் கழன்று அவன் வலது கையில் இறங்கியது. மூன்று விரல்களின் அடியில் ஒரே கோடாக வெட்டு. தோல் மட்டும் கிழிந்திருக்கிறது என்று நினைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே வந்தான். தேனியில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். ஒன்றும் மடங்கவில்லை. மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. உள்ளங்கை ரேகைக்கும் விரலின் நடுமூட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் வெட்டு விழுந்திருந்தது. ஒரு விரலை மடக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரே குறுகிய உறைக்குள் ஒன்றையொன்று உரசியபடி ஓடுகின்றன. முன்பெல்லாம் அந்த இடத்தில் அறுந்தால் தைக்கவே தயங்குவார்கள். தைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துப் போகும். ஒட்டாமல் இருக்கச் சீக்கிரம் அசைக்க வேண்டும். கொஞ்சம் பலமாக அசைத்துவிட்டால் தையல் அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைத்தான் உலகமெங்கும் கை மருத்துவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று டாக்டர் அருள்மொழி பொறுமையாகச் சொன்னார். ஐம்பது வயதுப் பெண்மணி, படம் வரைந்தே பேசுகிறவர்.

சுருளிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. கையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. அதோடு ரத்தக் கசிவை அடக்கும் மருந்தும் கலந்திருந்தது. அந்த மருந்தை விரலில் போட்டால் விரலே அழுகிவிடும் என்று ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. இதனால் வந்த பெரிய லாபம், நோயாளி விழித்திருப்பது. தைத்து முடித்ததும் டாக்டர் அவனை விரல் மடக்கச் சொன்னார். நடுவிரலில் முடிச்சு உறையின் விளிம்பில் இடித்தது. பிரித்து மறுபடி தைத்தார். தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சுருளியின் கண் முன்னால், அவன் நினைத்தபோதெல்லாம், வெள்ளையாக ஒன்று தன் கைக்குள் ஓடித் திரும்பியது.

ஊருக்கு வந்தபின் அவன் அதைச் சொல்லாத ஆள் இல்லை. பார்க்க வந்த மாமன் மச்சானிடமெல்லாம், "உள்ள ஓடுறத நானே பாத்தேன்யா, கெணத்துக் கயிறு மாதிரி," என்பான். தன் கையைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்குள் வந்திருக்க வேண்டும் என்று பொற்கொடி பின்னால் நினைத்துக்கொண்டாள்.

தைத்த கைக்கு மேல்பக்கமாக ஸ்பிளின்ட் என்ற பிளாஸ்டிக் தாங்கியை மாட்டுவார்கள். அளவோடு மடக்கலாம், ஆனால் முழுசாக நீட்ட முடியாதபடி அது தடுக்கும். இதில் இரண்டு வகை. ஒன்று முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கி மணிக்கட்டை அசையவிடாமல் விரல்நுனி வரை போகும். மற்றது குட்டை. மணிக்கட்டிலேயே தொடங்குவதால் மணிக்கட்டு அசையும். வெளிநாடுகளில் சில இடங்களில் குட்டையானது நன்றாகவே இருப்பதாக எழுதியிருந்தார்கள். தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை செய்கிற, நினைத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வர முடியாத இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது தாங்குமா என்று பார்க்க மதுரையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போல எடுத்துக்கொடுக்கும். சுருளி சம்மதித்துக் கையெழுத்து இடக்கையால் போட்டான். அவனுக்கு நீளமானது விழுந்தது.

அந்தப் பிரிவின் பிசியோதெரபிஸ்ட் சிவரஞ்சனிக்கும் சொந்த ஊர் சின்னமனூர்ப் பக்கம்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் போட்டு, அது அப்பளம்போலத் துவண்டதும் எடுத்து அவன் கைமேல் வைத்து அழுத்தி வடிவம் கொடுத்தாள். சுருளி கையைப் பார்க்கவில்லை, தொட்டியில் எரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்தான். எழுபது.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது அங்கே ஜக்கையன் என்ற தேவாரத்துக்காரரைச் சந்தித்தார்கள். மாவு மில் பெல்ட்டில் கையை விட்டவர், அதே வாரம் அறுவை ஆனவர். அவருக்குக் குட்டை ஸ்பிளின்ட். மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே டீ குடித்தார். சுருளி சிவரஞ்சனியிடம் போய் எது நல்லது என்று கேட்டான்.

"தெரியாதுண்ணே. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே நடக்குது."

பஸ்சில் திரும்பும்போது அவன் ஆண்டிப்பட்டி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "தெரியாதுன்னு வாயால சொல்றவககிட்டப் போயி கையக் குடுத்திருக்கோம்," என்றான். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது என்பதை அவன் நம்பவில்லை. புதுசு ஜக்கையனுக்கு, பழைய ஸ்டாக்கு நமக்கு என்று முடிவு கட்டிவிட்டான். மணிக்கட்டு நகராமல் இருப்பது அவனுக்கு இரவெல்லாம் தொந்தரவாக இருந்தது. கட்டிலில் புரண்டுகொண்டே இருப்பான், எழுந்து நடப்பான், மணிக்கு ஒருமுறை விரலைப் பத்துத் தடவை மடக்கச் சொன்னதைப் பதினைந்து தடவை செய்வான்.

மறுநாளே மலையேறினான். சூப்பர்வைசர் மாரீஸ்வரன் அழைத்திருந்தார். சுருளிக்குப் பதிலாக நின்ற பிரபு இரண்டு லோடுகளை வெளுக்கவிட்டிருந்தான். சும்மா உட்கார்ந்து சூடு பார்த்துச் சொன்னால் போதும் என்றார் மாரீஸ்வரன். சும்மா உட்கார சுருளியால் ஆகுமா? அன்று மதியம், ஸ்டோரில் ஆளில்லாத நேரத்தில், ஸ்பிளின்ட்டைக் கழற்றினான். ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது என்று அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை அவன் படித்திருந்தான். கையைத் துண்டில் ஏந்திக்கொண்டு, சூளைக்குழாயின் மேல் தகட்டில் ஸ்பிளின்ட்டை வைத்து, பக்கத்தில் காயின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்தான். அறுபத்தைந்தில் ஓரம் நெகிழ்ந்தது. இடக்கையால் கத்தரித்தான். ஆறவிட்டு, கையின் மேல் வைத்து, பட்டையைக் கட்டினான். ஜக்கையனுடையதைப் பார்த்தே செய்ததுபோல வடிவம் வந்திருந்தது.

அன்று சாயந்திரம் அதைப் பொற்கொடியிடம் காட்டியபோது அவன் முகத்தில் இருந்தது பெருமைதான். அவள் பயந்து கத்தினாள். அவன் மணிக்கட்டை ஆட்டிக் காட்டினான், விரலை மடக்கிக் காட்டினான். உண்மையிலேயே நன்றாக மடங்கியது. அடுத்த நேர்ப் பரிசோதனை நாலாவது வாரக் கடைசியில்தான். அதுவரை தினம் காலை ஏழு மணிக்குள் வாட்சப்பில் சிவரஞ்சனிக்கு ஒரு வீடியோ போக வேண்டும், அவ்வளவுதான்.

"மணிக்கட்டு தெரியாம எடு," என்றான்.

அவள் எடுத்தாள். பத்து நாள் எடுத்தாள். நடுவில் ஒருநாள் சிவரஞ்சனி, கொஞ்சம் தள்ளி நின்று முழுக்கையும் தெரிய எடுங்கள் அக்கா என்று எழுதினாள். இடம் இருட்டாக இருக்கிறது என்று பொற்கொடி பதில் போட்டாள். ஒவ்வொரு நாளும் சிவரஞ்சனியிடமிருந்து, சரி என்று கட்டைவிரலை உயர்த்திய படம் வந்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுவாள். வேலைக்குப் போய்விட்டால் மறந்துவிடும்.

இப்போது, இருபத்து மூன்றாம் நாள் காலை, மணி ஏழாக ஐந்து நிமிடம்.

"நேத்து எடுத்ததையே அனுப்பு," என்றான் சுருளி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "நாளைக்குப் பாத்துக்கலாம். சோலி கெடக்கு."

அவன் தெருமுனை திரும்பும் வரை அவள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நேற்றையதை அனுப்பினாள்.

பொற்கொடி பி.காம். படித்தவள். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் வேலை. மின்னணு ஏலம் நடக்கும் நாட்களில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த லாட் காய் என்ன விலைக்குப் போகிறது என்று குறிக்க வேண்டும். அன்று ஏல நாள். மாதிரிக் காய்கள் கைமாறிக்கொண்டிருந்தன. முதலாளி காயைக் கசக்கி முகர்ந்தார், விலை ஏற்றும் விசையைத் தட்டினார். திரையில் எண்கள் ஏறின, நின்றன, அடுத்த லாட் வந்தது. சிவரஞ்சனியின் கட்டைவிரல் எட்டு மணிக்கே வந்துவிட்டிருந்தது.

பதினோராவது லாட்டில் அவள் எதையும் குறிக்கவில்லை என்பதை முதலாளி கவனித்தார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பதினான்காவதை இரண்டு முறை எழுதினாள். மேசைக்கு அடியில் தன் மோதிரவிரலின் நடுமூட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. விட்டுவிட்டு மறுபடி மடக்கினாள். தையல் பிரிக்கப்போன அன்று டாக்டர் அருள்மொழி வரைந்து காட்டிய படம் ஞாபகம் வந்தது. ஒன்று நடுமூட்டை இழுக்கும், இன்னொன்று அடியில் ஓடி நுனியை இழுக்கும். நடுமூட்டு மடங்குகிறது. அப்படியானால் அந்த இன்னொன்று?

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்ற லாரியின் மறைவில் சிவரஞ்சனிக்குப் போன் செய்தாள்.

சிவரஞ்சனி பதறவில்லை. எந்த விரல், எந்த மூட்டு, வலி இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, காலையில் அனுப்பிய வீடியோவில் நன்றாகத்தானே மடங்கியது என்றாள்.

"அத எடுத்ததுக்கு அப்புறந்தான் மேடம்," என்றாள் பொற்கொடி. வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

நுனியை இழுக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம் என்று சிவரஞ்சனி சொன்னாள். நூறு பேரில் நாலைந்து பேருக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆகும். நாலைந்து நாளுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி தைத்துவிடலாம். தள்ளிப்போட்டால் அறுந்த முனை சுருங்கி உள்ளங்கைப் பக்கம் ஏறிவிடும். அப்புறம் வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைக்க வேண்டும், அதற்கு இரண்டு அறுவை, பல மாதம். இன்றே கிளம்புங்கள் என்றாள்.

"சாப்பிடாம வரணுமா மேடம்?"

"வேண்டாம், சாப்பிட்டே வாங்க. முழு மயக்கம் குடுக்கப் போறதில்ல. ஸ்பிளின்ட்ட மட்டும் கழட்டாமக் கூட்டிட்டு வாங்க."

லாரியின் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொற்கொடி கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"மேடம், அது முழுசா இல்ல."

எதிர்முனையில் யாரோ சிவரஞ்சனியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சிவரஞ்சனி போகவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். பதிமூன்றாம் நாளிலிருந்து என்று பொற்கொடி சொன்னாள். யார் செய்தது, எதனால் செய்தது என்றும் சொன்னாள்.

"வெட்டின துண்டு வீட்டுல இருந்தா அதையும் கொண்டாங்க," என்றாள் சிவரஞ்சனி.

குரங்கணி ஜீப்பில் அரிசி மூட்டைக்கும் ஒரு கர்ப்பிணிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. மழை விட்டு அடிவாரம் வரை வெயில், அதற்கு மேல் மறுபடி மழை. சாயந்திர ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் மூன்று மணிக்காவது மேலேயிருந்து இறங்க வேண்டும். சுருளிக்கு ஐந்து முறை போன் செய்தாள். மலையில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் செய்தாள். ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தது. டிரைவர் இறங்கி நிதானமாகக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் தானும் இறங்கிப் புரட்டினாள். "ஒக்காருத்தா, ஒனக்கு என்ன அவசரம்," என்றார் டிரைவர். அவள் அடுத்த கல்லுக்குப் போனாள்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் சூடும் காயின் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மாரீஸ்வரன்தான் முதலில் பார்த்தார்.

"வா தங்கச்சி. மாப்ள கண்ணு படாட்டி நம்ம காய் பச்சையே நிக்க மாட்டேங்குது, அதான் பிடிச்சு வச்சிருக்கேன்."

அவள் அவரைத் தாண்டிப் போனாள். சுருளி சூளை வாய்க்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து இடக்கையால் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். மதுரைக்குப் போக வேண்டும், ரயில் இருக்கிறது என்றாள். அவன் நாளைக்கு என்றான். சிவரஞ்சனி சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள், நாலைந்து நாள் கணக்கையும் இரண்டு அறுவையையும். அவன் தெர்மாமீட்டரைப் பார்த்தான். லோடு போட்டு ஏழு மணி நேரம்தான் ஆகிறது, இப்போது விட்டுவிட்டுப் போனால் இதுவும் வெளுத்துவிடும் என்றான்.

"காய் வெளுத்தா அடுத்த லோடு இருக்கு."

"இந்தக் கோலத்துல போனா என்ன சொல்லுவாக? ஆய்வுல இருந்து தூக்கி எறிஞ்சிருவாக. வெட்டுனது தெரிஞ்சா..."

"தெரியும். நான் சொல்லிட்டேன்."

விறகு ஒன்று உள்ளே வெடித்தது. பிரபு தட்டு அடுக்குகளுக்குப் பின்னால் நகர்ந்து போனான். சுருளி அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அவள் பயப்படவில்லை. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"வெட்டின துண்டையும் கொண்டாங்கன்னு சொல்லுச்சு."

அவன் சூளைக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டிய பிளாஸ்டிக் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். பிறகு பிரபுவைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எப்போது காற்றுக் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். சொன்னதையே மூன்று தரம் சொன்னான். நாலாவது தரம் ஆரம்பித்தபோது, "வெரசா வாங்க, ஜீப்பு நிக்குது," என்று பொற்கொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் காலை மதுரையில் சிவரஞ்சனி ஸ்பிளின்ட்டை அவிழ்த்துக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொற்கொடி பையிலிருந்து வெட்டிய துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்தின.

"எத்தன டிகிரியில வச்சீங்க?"

"அறுவத்தஞ்சு. அதுக்கு மேல போகவிடல."

"நாங்க எழுவதுல வைக்கிறோம்," என்றாள் சிவரஞ்சனி. திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று சுருளிக்குப் புரியவில்லை. முழுக்கை தெரிய எடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்காமல் விட்டது தன் தவறு என்றும் சொன்னாள். அறுபது பேர் வீடியோ வருகிறது, ஒன்றை விட்டால் இப்படி ஆகிறது.

ஆய்விலிருந்து நீக்கிவிடுவீர்களா என்று சுருளி கேட்டான். இல்லை என்றாள். கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் போட்டதோ அந்தப் பக்கத்திலேயேதான் கடைசி வரை அவன் கணக்கு. அவன் செய்தது, செய்தபடியே குறிப்பில் எழுதப்படும். ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால், நிஜத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியாமல் போய்விடும்.

சுருளி மேசைமேல் கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"அப்பன்னா நீளமானதப் போட்டவனுக்கு அறுந்து போச்சுன்னுதான எண்ணிக்கையில வரும்?"

"ஆமா."

"ஆனா நான் போட்டிருந்தது குட்டையில்ல."

"ஆமாண்ணே."

"வெட்டுனதுனால அறுந்துச்சா?"

"சொல்ல முடியாது. நீளமாவே இருந்திருந்தாலும் அறுந்திருக்கலாம். வேற எதுனாலயும் இருக்கலாம்."

அவன் உட்காரவில்லை. அறுவை அரங்குக்குக் கூப்பிடும் வரை அந்த நீளமான அறையில் சுவரிலிருந்து சுவருக்கு நடந்துகொண்டிருந்தான்.

அரங்குக்குள் பொற்கொடியை விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து சிவரஞ்சனி வெளியே வந்து சொன்னாள். முனைகள் கிடைத்துவிட்டன, ஆனால் பிசிறடித்திருந்தன. கொஞ்சம் நறுக்கித்தான் தைக்க முடிந்தது, அதனால் விரல் சற்று இறுக்கமாகவே இருக்கும். தைத்து முடித்ததும் டாக்டர் மடக்கச் சொல்லியிருக்கிறார். போன தடவை சொல்வதற்கு முன்னாலேயே மடக்கிய ஆள் இந்தத் தடவை மடக்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தானாம். டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நாலைந்து நிமிடம் கழித்து நுனி மெதுவாக மடங்கியது. முழுசாக இல்லை, பாதி. பன்னிரண்டு வாரம் போனால்தான் மீதி தெரியும்.

"அப்ப அண்ணன் ஒண்ணு சொன்னாருக்கா. தட்டப் பிடிச்சேன், பிளாஸ்டிக் மேல தப்பில்ல, அத எழுதிக்கங்கன்னு. உங்ககிட்டச் சொன்னாரா?"

பொற்கொடிக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. நேற்று ஜீப்பில், ரயிலில், லாட்ஜ் அறையில், முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு வாயே திறக்கவில்லை. முகமூடி போட்ட நாலு பேருக்கு நடுவில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

வார்டில் அவன் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். புதிய ஸ்பிளின்ட் முழங்கை வரை வந்திருந்தது. கம்ப்யூட்டர் சொன்னபடி நீளமானதேதான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தத் தட்டு?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"கீழ இருந்து ரெண்டாவது. பிரபு ஒரு பக்கம் பிடிச்சான், நழுவிருச்சு. பச்சக் காயி பூராம் தரையில கொட்டிரும்னு... யோசிக்கல. கை தானாப் போயிருச்சு."

"வலிச்சுச்சா?"

"இல்ல. டப்புனு ஒரு சத்தம். காதுல கேட்டுச்சா கைக்குள்ள கேட்டுச்சான்னு சொல்லத் தெரியல."

"எப்ப?"

"முந்தாநேத்து."

அதாவது இருபத்து இரண்டாம் நாள். வீடியோவுக்கு முந்தின நாள். வீக்கம் என்று சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எழுந்துவிட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்காமல் வராந்தாவுக்கு வந்து, கடைசி வரை நடந்து, திரும்பி, மறுபடி கடைசி வரை நடந்தாள். அவனைத் திட்ட எத்தனையோ இருந்தது. ஆனால் நேற்றையதை அனுப்பச் சொன்னது அவன் என்றாலும், அனுப்பியது அவன் இல்லை. லாரிக்குப் பக்கத்தில் நின்று, எடுத்ததுக்கு அப்புறந்தான் என்று அந்த ஒரு பொய்யைச் சொன்னதும் அவன் இல்லை.

சிவரஞ்சனி தன் அறையில் சுருளியின் கோப்பைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பொற்கொடி வாசலிலேயே நின்றாள். இருபத்து மூன்றாம் நாள் காலைக்குமேல் அறுந்தது என்று அதில் இருப்பதைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது.

"மேடம், அது தப்பு. ரெண்டு நாளும் தப்பு. இருவத்து மூணாம் நாள்னு நான் அனுப்புனது முந்தின நாள் எடுத்தது. அறுந்தது இருவத்து ரெண்டாம் நாள். காலையில நான் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் பழசை அனுப்புனேன்."

சிவரஞ்சனி பேனாவை எடுத்தாள். பழைய வரியை அழிக்கவில்லை. அது படிக்கத் தெரியும்படி மேலே ஒரே ஒரு கோடு இழுத்தாள், பக்கத்தில் புதிதாக எழுதினாள், தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். தாளில் யாராவது எதையாவது மாற்றினால் மாற்றியது தெரிய வேண்டும், அதுதான் இங்கே முறை என்றாள். யார் சொன்ன தகவல் என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். அவள் முகத்தில் பொற்கொடி எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"இருவத்து ரெண்டாம் நாள் எத்தன மணிக்கு?"

பொற்கொடிக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வார்டை நோக்கி நடந்தாள்.